இரும்பு உரலில் இடித்த வேர்

நாகஜோதிக்குக் காலையில் காபிக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. போனை எடுத்து, பெங்களூரில் இருக்கும் முத்துமாரியம்மாளின் ஆய்வுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். புதிதாகக் கட்டுரை வந்திருக்கிறதா, பழைய கட்டுரைகளை இன்னும் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மூடிவைத்த பிறகுதான் பால் அடுப்பில் ஏறும். எண்ணிக்கை கூடியிருந்தால் அன்றைக்குக் காபி கசக்கும். கூடாத நாள் என்று ஒன்றை அவள் இன்னும் கண்டதில்லை.

இதற்குப் பெயர் பொறாமை என்று அவளே சொல்வாள். வேறு பெயர் வைத்து மழுப்புகிற ஆள் இல்லை. கணவர் ராக்கப்பனிடம் ஒருமுறை வாய்விட்டே சொன்னாள். "எனக்கு மாரி மேல பொறாமைங்க. அவ பேரக் கேட்டாலே வயிறு எரியுது." ராக்கப்பன் சின்னமனூரில் வாழையும் நெல்லும் போடுகிறவர். "எனக்கும்தான் பக்கத்துத் தோட்டக்காரன் மேல இருக்கு, அவன் தாரு பெருசு" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். அவருக்கு அந்த எரிச்சல் அறுவடையோடு தீர்ந்துவிடும். நாகஜோதிக்கு அறுவடையே கிடையாது.

இருவரும் கம்பத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. நாகஜோதியின் அப்பாவுக்கு ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். முத்துமாரியின் அப்பாவுக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. பத்தாம் வகுப்பில் முத்துமாரிக்கு ஒரு மார்க் கூடுதல். பன்னிரண்டில் நான்கு மார்க். மதுரையில் இருவரும் உயிர்வேதியியல் எடுத்தார்கள், ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்கள், ஒரே அறையில் தங்கினார்கள். நாகஜோதி துவைத்துப் போட்ட துப்பட்டாவை முத்துமாரி போட்டுக்கொண்டு போவாள். அவளுக்குத்தான் அது எடுப்பாக இருக்கும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம், செல் காற்றை எப்படி உணர்கிறது என்பது. செல்லுக்குள் ஒரு புரதம் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். ‘காற்று இல்லை, அவசரம்’ என்று கூவுவது அதன் வேலை. அதைக் கூவவிடாமல் ஒரு நொதி காவல் நிற்கும். நொதி ஆக்சிஜனை எடுத்து அந்தப் புரதத்தின் மேல் ஒரு குறி போடும். குறி விழுந்ததைச் செல் உடனே சிதைத்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் குறி போட முடியாது. புரதம் தப்பிக்கும், கூவும், செல் விழித்துக்கொள்ளும். மனிதனிலும் இந்த ஏற்பாடு உண்டு, கொஞ்சம் வேறு மாதிரி நெல்லிலும் உண்டு. இரண்டிலும் நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அது இல்லாவிட்டால் நொதி வெறும் சக்கை.

2006இல் முத்துமாரியின் முதல் கட்டுரை வந்தது. அதற்கு வேண்டிய நொதியைப் பிரித்துக் கொடுத்தவள் நாகஜோதி. குளிர் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதினொரு வாரம் நின்று, சொட்டுச் சொட்டாகப் பிடித்துக் கொடுத்தாள். கட்டுரையின் தலைப்பில் பேராசிரியர் பெயரும் முத்துமாரியின் பெயரும் இருந்தன. நாகஜோதியின் பெயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடந்தது: ‘தொழில்நுட்ப உதவிக்காக நாகஜோதிக்கு நன்றி.’

முடிவுசெய்தது பேராசிரியர்தான். ஆனால் முத்துமாரி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஐயா சொல்லிட்டாக, நான் என்னடி செய்ய?" என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போய்விட்டாள். நாகஜோதி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் பாதி எரிச்சல் அங்கேயே அணைந்திருக்கும்.

அந்தக் கட்டுரையைக் காட்டி முத்துமாரி ஜெர்மனி போனாள், ஐந்து வருடம் கழித்துப் பெங்களூரில் பெரிய நிறுவனத்தில் வந்து உட்கார்ந்தாள். நாகஜோதிக்குக் கல்யாணம் ஆனது, தேனி பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரத்தில் ஆய்வுக்குழு வருகிறது, ஃபைல் தயார் பண்ணு என்பார்கள். ஆய்வகம் என்று அவளுக்குக் கொடுத்தது பழைய சைக்கிள் ஸ்டாண்டைத் தடுத்துக் கட்டிய அறை. முத்துமாரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதில் நாகஜோதிக்குக் கொஞ்ச நாள் ஒரு சின்ன திருப்தி இருந்தது. பிறகு அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்டாளே தவிர, திருப்தி முழுசாகப் போகவில்லை.

2019இல் இந்த விஷயத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு உலகத்தின் பெரிய பரிசு கிடைத்தது. கல்லூரியில் நாகஜோதியைப் பேசச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினாள். கடைசியில் வந்த ஒரே கேள்வி, மைக்கை அணைத்துவிடலாமா என்பது. மறுநாள் காலைப் பேப்பரில் ‘நம்ம கம்பத்து விஞ்ஞானி விளக்குகிறார்’ என்று அரைப் பக்கம் வந்திருந்தது. பெங்களூரிலிருந்து போனிலேயே பேட்டி கொடுத்திருந்தாள் முத்துமாரி. ராக்கப்பன் அந்தப் பேப்பரை ஒளித்துவைத்தார். நாகஜோதி தேடி எடுத்து மூன்று முறை படித்தாள்.

அவளுக்கென்று ஒன்று கிடைத்தது 2021 ஐப்பசியில். வாய்க்கால் உடைத்துக்கொண்டு ராக்கப்பனின் பள்ளத்து வயலில் பதினேழு நாள் தண்ணீர் நின்றது. அங்கே போட்டிருந்த மற்ற நெல்லெல்லாம் அழுகிப் போக, ஒரு மூலையில் மட்டும் போட்டிருந்த ஒரு பெயரில்லாத நாட்டு ரகம், தண்ணீர் வடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்தது. "எங்கப்பா காலத்துல இருந்து இது இங்கனதான் கெடக்கு. பள்ளத்து நெல்லுன்னு சொல்லுவோம்" என்றார் ராக்கப்பன். நாகஜோதி வயலில் இறங்கி வேரோடு பிடுங்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள்.

வேரை உறையவைத்துப் பொடிக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். பெங்களூரில் அது குழாயில் வரும் என்று கேள்வி. தேனியில் அதை வைத்திருக்கிறவர் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் ஞானதுரை. வாரம் ஒருநாள் அவர் தன் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தருவார். "பாத்து, இது மாட்டுக்கு வந்தது, டீச்சர்" என்பார். அந்தக் குளிர் பட்டதும் கல்லூரியின் பீங்கான் உரல் இரண்டும் டப்பென்று வெடித்து விரிந்துவிட்டன. புதிதுக்கு எழுதிப் போட்டால் மூன்று மாதம் என்றார்கள். நாகஜோதி வீட்டுக்குப் போய், இஞ்சி பூண்டு இடிக்கிற இரும்பு உரலை எடுத்து வந்தாள். அது விரியவே இல்லை. அதற்குப் பிறகு எல்லா வேரும் அதில்தான் இடிபட்டது. மாமியார் மொக்கம்மாள் மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏத்தா ஜோதி, என் உரலு எப்ப வீடு வந்து சேரும்?"

அந்த உரலிலிருந்துதான் அவளுடைய ஆய்வு முடிவு வந்தது. மற்ற நெல்லில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்ததுமே நொதி ஓய்ந்துவிடுகிறது. செடி பதறி, சேமித்ததையெல்லாம் செலவழித்துச் செத்துவிடுகிறது. பள்ளத்து நெல்லின் நொதி கடைசிவரை வேலை செய்கிறது, செடி பதறுவதில்லை. ஒப்பிடுவதற்காக ஐந்து ரகத்தை அதே உரலில் இடித்துப் பார்த்தாள். ஐந்திலும் நொதி ஓய்ந்தது, இதில் ஓயவில்லை. 2023இல் கட்டுரை வெளிவந்தது. தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர், அவளுடையது. அன்றைக்குக் காபி எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் முத்துமாரி கூப்பிட்டாள். "நாகு, பிரமாதமா பண்ணியிருக்கடி. எனக்குக் கொஞ்சம் விதை அனுப்புறியா?" மறுக்க வழியில்லை, ஊறுகாய் பாட்டிலில் போட்டு அனுப்பினாள். ஆறு மாதத்தில் அந்த நெல்லை வைத்து முத்துமாரிக்கு மூன்று வருடத் திட்டம் ஒப்புதலானது, பதினொரு பேர் வேலைக்கு வந்தார்கள். என் வயலில் முளைத்ததும் அவள் வீட்டுக்குத்தான் போகிறது என்று நாகஜோதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் பெங்களூரில் அந்த நொதி வேலை செய்யவில்லை. எத்தனை முறை பிரித்தாலும் மற்ற நெல்லைப் போலவே ஓய்ந்து போனது. முத்துமாரி வாரா வாரம் கூப்பிட்டாள். எத்தனை நாள் நாற்று, என்ன உப்பு, எவ்வளவு குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாகஜோதி ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகவே பதில் சொன்னாள். எதில் இடித்தாய் என்று அவள் கேட்கவில்லை, இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கட்டுரையில் ‘உரலில் பொடித்து’ என்றுதான் இருந்தது. சமையல்கட்டில் எந்தப் பெண் உரல் என்ன உலோகம் என்று எழுதிவைக்கிறாள்?

அந்த மாதங்கள்தான் நாகஜோதியின் வாழ்க்கையிலேயே இனிப்பான மாதங்கள். கோடிக்கணக்கில் கருவி வைத்திருப்பவளுக்கு வராதது, சைக்கிள் ஸ்டாண்டில் வருகிறது. முத்துமாரியின் குரலில் சலிப்பு கேட்கும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருக்கும். "கை பக்குவம்டி அது" என்று ஒருமுறை சொல்லவும் சொன்னாள்.

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மொக்கம்மாள் அக்கினிச்சட்டி எடுத்தார், வீட்டில் கிடாவெட்டு, உறவு முழுக்க வந்து இறங்கியது. "இந்தத் தடவை என் உரலு வரலைன்னா நான் காலேஜுக்கே வந்து எடுப்பேன்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட, ராக்கப்பன் போய் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் கல்லூரிக்குப் புது பீங்கான் உரல் வந்திருந்தது. அதை முதல்நாளே குளிரவைத்துப் பழக்கினால் விரியாது என்று நாகஜோதி கண்டுபிடித்திருந்தாள். திருவிழா முடிந்த வாரம், தொட்டியில் வளர்த்த நாற்றின் வேரைப் பீங்கானில் இடித்தாள். பள்ளத்து நெல்லின் நொதி மற்ற நெல்லைப் போலவே ஓய்ந்தது.

மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் ஓய்ந்தது. மசாலா வாசனையோடு வீட்டிலிருந்து உரலைத் திரும்பக் கொண்டுவந்து கழுவி இடித்தாள், நொதி ஓயாமல் நின்றது. பீங்கானில் இடித்த சாற்றில் ஒரு துளி இரும்பு உப்பைப் போட்டாள், அதிலும் நின்றது. நாகஜோதி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் வேலை செய்தது கை பக்குவமும் இல்லை, பள்ளத்து நெல்லும் இல்லை. மாமியாரின் உரலிலிருந்து கரைந்த இரும்பு. அவள் பெயர் முதலில் இருந்த ஒரே கட்டுரை துருவின் மேல் நின்றுகொண்டிருந்தது.

சொன்னால் கட்டுரை போகும். சொல்லாவிட்டால் முத்துமாரி தேடிக்கொண்டே இருப்பாள். நாகஜோதி வைகாசி முழுக்கச் சொல்லவில்லை, ஆனியிலும் சொல்லவில்லை. தேடட்டுமே, பதினொரு வாரம் நான் நிற்கவில்லையா என்று மனசு சொன்னது. பதினொரு வாரம் கடந்து பன்னிரண்டாவது வாரமும் வந்த பிறகு, அந்தக் கணக்கும் பொய்யாகிவிட்டது. காலையில் முத்துமாரியின் பக்கத்தைத் திறப்பாள். புதுக் கட்டுரை எதுவும் இல்லை. அப்போதும் காபி கசந்தது, அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஆடி நடுவில் ஒருநாள் முத்துமாரி கூப்பிட்டாள்.

"திட்டத்தை மூடப் போறாகடி நாகு. நேத்து கமிட்டி வந்துச்சு. தேனியில வந்த முடிவு தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடு, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்னாக. நான் எழுத மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"நாகு கையில தப்பு வராது, எங்ககிட்டத்தான் என்னமோ குறைன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியாதா உன் வேலை?"

நாகஜோதிக்கு வந்தது நன்றி இல்லை, ஆத்திரம். இருபது வருடத்துக்கு முன்னால் பேராசிரியர் முன்னால் சொல்ல வேண்டிய வார்த்தையை, உண்மைக்காகச் சொல்ல வேண்டிய வார்த்தையை, இவள் இப்போது ஒரு துருவுக்காகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதுவும் தன் திட்டத்தையே பணயம் வைத்து. பெருந்தன்மையிலும் இவளே முதல் மார்க் வாங்க வேண்டுமா?

"தப்பு வந்துருக்கு" என்றாள் நாகஜோதி. "எங்க அத்தையோட இரும்பு உரல்ல இடிச்சேன். அதுலருந்து இரும்பு கரைஞ்சிருக்கு. சித்திரையிலயே தெரியும். உன்கிட்ட வேணும்னேதான் சொல்லல."

திட்டுவாள் என்று நாகஜோதி காத்திருந்தாள். திட்டினால் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"மத்த அஞ்சு நெல்லு?" என்றாள் முத்துமாரி. "அதையும் அதே உரல்லதான இடிச்ச?"

"ஆமா."

"அதுக்கெல்லாம் இரும்பு ஏறலையே."

"ஏறல."

"இரும்பு ஆறுக்கும் ஒண்ணுதான நாகு. எடுத்துக்கிட்டது இது மட்டும்தான. சாதாரண நாள்ல இதோட பாதி நொதி இரும்பில்லாம சும்மா கெடக்கு. தண்ணி கட்டி நின்னா மண்ணுல இரும்பு கரையும். வயல்ல எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படியும்ல, அது. அப்ப அந்த இரும்ப எடுத்துக்கிட்டு முழிச்சுக்குது. எங்க ஆளுக சுத்தமான தண்ணியில நாத்து வளத்துக்கிட்டு இருக்காக, எப்படி வரும்?"

ஐந்து நெல்லின் அட்டவணை மூன்று மாதமாக நாகஜோதியின் மேசை மேல் கிடக்கிறது. வயலில் அந்த ஆடையை அவள் காலால் விலக்கி நடந்திருக்கிறாள். முத்துமாரிக்கு அதைப் பார்க்க அரை நிமிடம் போதுமாக இருந்தது. வாழ்க்கையில் அவளுக்கு அதுவரை வந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அந்த அரை நிமிடத்தில் தெரிந்தது.

"இத நீயே எழுது" என்றாள் முத்துமாரி. "உன் வயலு, உன் உரலு. எம்பேரு வேணாம்."

நாகஜோதி முதலில் பழைய கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினாள். இரும்பு உரல் என்று எழுத்துக்கு எழுத்து எழுதினாள். கல்லூரியில் இரண்டு பேர் சிரித்தது காதில் விழுந்தது. பிறகு வயலில் தண்ணீர் கட்டி, அந்த ஆடை படிந்த மண்ணிலிருந்து பிடுங்கிய வேரைப் பீங்கானில் இடித்துப் பார்த்தாள். நொதி விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆறு மாதத்தில் புதுக் கட்டுரை முடிந்தது. தலைப்புக்குக் கீழே தன் பெயரை அடித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போய், பொடி எழுத்தில், ‘பயனுள்ள உரையாடலுக்காக முத்துமாரியம்மாளுக்கு நன்றி’ என்று அடித்தாள்.

அன்று முழுக்க அந்த வரியைத் திறந்து திறந்து பார்த்தாள். வகுப்புக்கு நடுவில் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, பஸ்ஸில் போனில் ஒருமுறை. ராக்கப்பன்கூட, "என்ன, இன்னைக்கு மூஞ்சி தெளிவா இருக்கு?" என்று கேட்டார். இத்தனை வருடம் எதற்காக ஏங்கினாளோ அது கையில் இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல முத்துமாரியின் பக்கத்தைத் திறந்தாள். எண்ணிக்கை கூடியிருந்தது. மூடிவிட்டுக் கட்டுரையைத் திறந்தாள். இந்த வரியை இப்படியே விட்டால் இருவருக்கும் கணக்கு நேர். அவள் செய்ததை இவளும் செய்தவள் ஆவாள். எத்தனையோ விஷயத்தில் முத்துமாரிக்குச் சமமாக வேண்டும் என்று தவித்தவளுக்கு, இந்த ஒன்றில் மட்டும் சமமாகப் பிடிக்கவில்லை. வரியை வெட்டினாள். மேலே போய்த் தன் பெயருக்கு அடுத்து முத்துமாரியின் பெயரை அடித்து, பத்திரிகைக்கும் அவளுக்கும் அனுப்பிவிட்டு, பாலை அடுப்பில் வைத்தாள்.

பால் பொங்குவதற்குள் போன் வந்தது.

"பேரு வேணாம்னு சொன்னேன்லடி."

"போட்டாச்சு. எனக்குப் பின்னால, ரெண்டாவதா."

முத்துமாரி மெதுவாகக் கேட்டாள். "கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டிருக்கலாம்ல நாகு. எனக்கு அதுதான சரி."

அப்படியென்றால் இவளும் அந்தப் பழைய நன்றி வரியை இத்தனை வருடம் மறக்கவில்லை. நாகஜோதி அடுப்பை அணைத்தாள்.

"போட்டுப் பாத்தேன். ஒருநாள் பூரா நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.